முப்பத்தேழு முனியப்பன்

முதல் அநியாயம், மலை. இரண்டாவது, கதவு எண். மூன்றாவது, முனியப்பன். நான்காவது, கம்பெனி நடத்திய நெஞ்சுப் பரிசோதனை. ஐந்தாவதுதான் இந்த வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள். நீங்கள் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு எடுத்த எடுப்பிலேயே ஐந்தாவதைக் கேட்கிறீர்கள். வரிசை முக்கியம், நண்பரே. வரிசை தவறினால் எதிரி நடுவில் புகுந்து தப்பித்துக்கொள்வான். சேலம் பஸ் மூன்றேகாலுக்குத்தான் இந்த டீக்கடைக்கு வரும். உட்காருங்கள்.

மலையை எண்பத்தாறில் குத்தகைக்கு விட்டார்கள். ஆடு போன பாதையில் முள்வேலி போட்டார்கள். ஆடு வைத்திருந்தவன் எல்லாம் சம்மட்டி தூக்கினான். அது ஒன்று. கல் உடைக்கிறவர்களுக்குக் கம்பெனி வரிசை வீடு கட்டியது. லயன் என்று சொல்வோம். அறுபத்திரண்டு வீடு, ஒரு வீட்டுக்கும் கதவு எண் கிடையாது. எண் கொடுத்தால் வீடு எங்களுடையதாகிவிடும் என்று பயம். எங்களுக்குத் தபால் வந்தால் பெயரும் 'கல் குவாரி'யும்தான் இருக்கும். தபால்காரர் சத்தம் போட்டுக்கொண்டே நடப்பார். அது இரண்டு.

மூன்றாவது நடந்தது தொண்ணூற்றொன்றில். வெடி வைத்தபோது முனியப்பன் பாறைக்கு அடியில் போய்விட்டான். அப்படி ஓர் ஆள் எங்கள் வருகைப் பதிவேட்டிலேயே இல்லை என்றது கம்பெனி. உடல் கிடக்கிறது, பெயர் இல்லை. மூன்று நாள் சாலையில் உட்கார்ந்தோம். போலீஸ் பிடித்துக்கொண்டு போய் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார்கள். நான்தான் வரிசையில் முதல் ஆள். முனியப்பன் என்றேன். அப்பா பெயர்? முனியப்பன். வயது? ஐம்பது. எனக்கு அப்போது இருபத்தொன்பது. எனக்குப் பின்னால் நூற்றுப் பன்னிரண்டு பேர், ஒருவன் பிசகவில்லை. எழுதி எழுதி ஏட்டுக்குப் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. எந்த முனியப்பன் மேல் வழக்குப் போடுவார்கள்? பொழுது சாய்வதற்குள் விட்டுவிட்டார்கள். அந்த யோசனை என்னுடையது. எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நான் ஏழாம் வகுப்பு. மீதியைத் துண்டறிக்கைகள் சொல்லிக் கொடுத்தன.

நான்காவது, இரண்டாயிரத்து மூன்று. கம்பெனி ஒரு டாக்டரை அழைத்து வந்தது. பிஸ்கட் கொடுத்தார்கள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள், பெயரை எழுதிக்கொண்டார்கள். அடுத்த திங்கட்கிழமை பத்தொன்பது பேருக்கு வேலை இல்லை. இருமிய பத்தொன்பது பேருக்கு. மருத்துவம் என்றால் என்ன என்று அன்றைக்கே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது ஐந்தாவதுக்கு வருகிறேன்.

போன ஆடியில் ஒரு பேருந்து நிறைய வந்து இறங்கினார்கள். டவுனில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அந்தப் பிள்ளைகள். முதலாம் ஆண்டு. எல்லார் கையிலும் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில், முகத்தில் வெயிலுக்கு என்னவோ வெள்ளையாகப் பூசியிருந்தார்கள். பேனரில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'குடும்பம் தத்தெடுப்புத் திட்டம்'. ஒரு மாணவருக்கு ஐந்து குடும்பமாம். படிப்பு முடிகிறவரை அந்த ஐந்து குடும்பத்துக்கும் அவர்தான் பொறுப்பாம். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள், முப்பத்தைந்து வருடம் போராடிய என்னைத் தத்தெடுக்க வந்திருக்கிறார்கள். நான் என்ன தொட்டிலிலா கிடந்தேன்?

பேனருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு நாடகம். கை கழுவுவதில் ஏழு நிலை இருக்கிறதாம். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று பாட்டுப் பாடிக்கொண்டு காற்றில் கை கழுவினார்கள். எங்கள் லயனில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த நாடகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், 'கண்ணு, தண்ணி எந்த நிலையில வரும்?' என்று கேட்டாள். அவர்கள் மறுபடி முதல் நிலையிலிருந்து ஆரம்பித்தார்கள்.

எனக்குக் கிடைத்தவள் மிருதுளா. கோயம்புத்தூர்ப் பெண், அப்பா பல் டாக்டராம். என் வீடும் சேர்த்து அவளுக்கு ஐந்து வீடு. என்னை அங்கிள் என்றாள். நான் தோழர் என்று சொல்லச் சொன்னேன். 'சரிங்க தோழர் அங்கிள்' என்றாள். வீட்டில் வாகனம் உண்டா, டிவி உண்டா, கழிப்பறை உண்டா என்று கேட்டு டிக் அடித்தாள். தூசி உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. நான் அதைச் சொன்னபோது அந்தத் தாளின் ஓரத்தில் 'தூசி' என்று எழுதிக்கொண்டாள். ஓரத்தில்.

கடைசியில் சொன்னாள், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்கள் சளி கொடுக்க வேண்டும், டி.பி. இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்று. எனக்குப் பத்தொன்பது பேர் ஞாபகம் வந்தது. மறுத்தால், படிப்பறிவில்லாதவர்கள் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். அதனால் அன்று மாலையே எங்கள் தொழிலாளர் சங்கக் கூட்டம் போட்டுத் தீர்மானம் கொண்டுவந்தேன். சளி கொடுப்போம், பெயர் கொடுக்க மாட்டோம். எல்லாரும் முனியப்பன். அப்பா பெயர் முனியப்பன். வயது ஐம்பது.

ஆண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். பெண்கள் கட்டுப்படவில்லை, அவரவர் பெயரையே சொன்னார்கள். பெண்களுக்குப் போராட்டத்தின் நுட்பம் பிடிபடுவதில்லை. அவர்களுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது, அது வேறு.

காலையில் எழுந்ததும் வருகிற முதல் சளியாம். முந்தின நாளே டப்பா கொடுத்துவிட்டுப் போனார்கள். வீடு வீடாக வந்து வாங்குவதாகச் சொன்னார்கள். வேண்டாம், சங்க அலுவலகத்துப் பெஞ்சில் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஆண்களுடைய டப்பா முப்பத்தேழு. முப்பத்தேழிலும் ஒரே பெயர். முதல் டப்பா என்னுடையது, தலைவன் முதலில் வைக்க வேண்டும் என்பதால். மிருதுளா குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். 'இங்க முனியப்பன்தான் ஊர்ச் சாமியா அங்கிள்?' என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டு ஐஸ் பெட்டியில் அடுக்கினாள். டாக்டர் ஆகப்போகிறவள். நாங்கள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சங்கத்தில் அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது. பசை சிரித்துச் சிரித்து, இருமி, தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பசை யார் என்று சொல்லவில்லையே. என் வலது கை. நான் எழுதுவேன், அவன் ஒட்டுவான். இருபத்திரண்டு வருடமாக இந்த வட்டாரத்தில் எந்தச் சுவரொட்டியை நீங்கள் பார்த்தாலும் அது அவன் கை. மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டு, பக்கெட்டில் எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வருவான். நான் நின்றால் நிற்பான். அதிகம் பேச மாட்டான். சரியான தொண்டனுக்கு இலக்கணம் அதுதான்.

பதினோரு நாள் கழித்து அந்தப் பெண் வந்தாள். பேருந்தும் இல்லை, பேனரும் இல்லை, தனியாக டவுன் பஸ்ஸில். மத்தியானம் பன்னிரண்டு மணி வெயில். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், 'அங்கிள், ரெண்டு பேருக்கு டி.பி. இருக்கு. யாருன்னு தெரியணும்.'

முனியப்பனுக்கு என்றேன்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கோபப்படுவாள் என்று பார்த்தேன். பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து, குடிக்காமல் மூடினாள். அந்த இரண்டு பேரும் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வார்கள், சாப்பிடாவிட்டால் சாவார்கள், அதற்குள் இன்னும் எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பார்களோ என்றாள். எல்லாரும் மறுபடி சளி கொடுத்தால் போதும், சொந்தப் பெயரில்.

நான் பேரம் பேசத் தெரியாதவன் இல்லை. நான்கு கோரிக்கை வைத்தேன். அறுபத்திரண்டு வீட்டுக்கும் கதவு எண். கிரஷரில் தண்ணீர் தெளித்துத்தான் கல் அரைக்க வேண்டும். எக்ஸ்ரே வண்டி லயனுக்கு வர வேண்டும். பெயர்ப் பட்டியல் கம்பெனிக்குப் போகாது என்று எழுத்தில் வேண்டும். இது நடந்தால் பெயர் வரும். அதுவரை இரண்டு பேருக்கு நோய் என்றால் முப்பத்தேழு பேருக்கும் மாத்திரை கொடுங்கள் என்றேன். யாரும் தனியாள் இல்லை.

'அப்படிக் கொடுக்க முடியாது அங்கிள், நோய் இல்லாதவங்களுக்கு ஈரல் கெட்டுப்போகும்' என்றாள். கடைசிக் கோரிக்கையை அவளே கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னாள். பத்தொன்பது வயதுப் பெண்ணின் கையெழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? 'அந்த ரெண்டு பேர் வீட்டுல சின்னக் குழந்தைங்க இருந்தா?' என்று கேட்டாள். அது உணர்ச்சியைத் தூண்டுகிற பேச்சு. நானே ஆயிரம் மேடையில் அப்படிப் பேசியிருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

அன்றைக்கே அறிக்கை எழுதினேன். 'சளியைக் கேட்டு வரும் சதி' என்று தலைப்பு. நீங்கள் பார்த்தீர்களே, இந்தச் சுவரில், அதுதான். நல்ல தலைப்பு இல்லையா? இரண்டாவது வரியைப் படியுங்கள். 'பெயரைக் கேட்பவன் நாளை பிழைப்பைக் கேட்பான்.' ஒரே மூச்சில் வந்தது.

ஒட்டும்போது பசைக்குக் கை ஓடவில்லை. ஒரு தாளை ஒட்டிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கெட்டுக்குள் குனிந்து இருமினான். பக்கெட்டில் இருந்த பசைக்கூழ் கொஞ்சம் சிவப்பாக இருந்தது. செம்மண் சுவர், தூரிகையில் மண் ஒட்டியிருக்கும். வேறு தண்ணீர் ஊற்றிக் கலக்கச் சொன்னேன். கலக்கினான். எட்டு இடத்தில் ஒட்ட வேண்டியது, ஐந்தில் ஒட்டினோம். அன்றைக்கே அவன் மனதில் சோர்வு புகுந்துவிட்டது என்று இப்போது புரிகிறது.

அந்தப் பெண்ணை லயனுக்குள் விடக்கூடாது என்று சொல்லி வைத்தேன். அவள் உள்ளே வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தாள். சங்க அலுவலகத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், மைல்கல் மேல் உட்கார்ந்தாள். தலையில் தொப்பி, மடியில் பாடப் புத்தகம். யாரையும் கூப்பிடவில்லை. நாலு மணி பஸ்ஸில் போனாள். அடுத்த செவ்வாயும் வந்தாள். எனக்கே மறியல். நான் கண்டுபிடித்த ஆயுதத்தை என்னிடமே காட்டுகிறாள். மார்க் போய்விடும் என்கிற பயம், வேறொன்றுமில்லை. ஐந்து குடும்பத்தைச் சரியாகப் பார்க்காவிட்டால் பாஸ் போட மாட்டார்களாம். கிரஷர் தூசி அவள் புத்தகத்தின் மேல் படியும், துடைத்துவிட்டுப் படிப்பாள். துடைக்கட்டும் என்று விட்டேன்.

மூன்றாவது செவ்வாய்.

நான் அலுவலகத்து வாசலில் நின்று பசையிடம் அடுத்த அறிக்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் அவன் பக்கெட்டைக் கீழே வைத்தான். கைப்பிடியைக்கூடச் சத்தம் வராமல் மெதுவாக விட்டான். சாலையில் லாரி போகட்டும் என்று நின்றான். பிறகு தாண்டிப் போனான். அந்தப் பெண் எழுந்து நின்றாள். 'நான் முனியப்பன் இல்லம்மா' என்றான். அது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு குனிந்து என்னவோ சொன்னான். அது கேட்கவில்லை. அவள் எழுதி, எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் சரி என்று தலையாட்டினான்.

நான் கூப்பிட்டேன். பசை என்று கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

அவ்வளவுதான். கதவு ஒவ்வொன்றாகத் திறந்தது. ரேஷன் கடையில் நிற்பதுபோல் நின்றார்கள், சொந்தப் பெயரைச் சொல்ல. தொண்ணூற்றொன்றில் என்னோடு நின்ற ஆட்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, என்னவோ பட்டம் வாங்குகிற மாதிரி. முப்பத்தாறு பேர் மறுபடி சளி கொடுத்தார்கள். முப்பத்தாறில் ஒருவனுக்குத்தான் நோய். பசைக்கு.

ஆமாம், இரண்டு என்றுதான் முதலில் சொன்னாள். இன்னொன்று எங்கே என்று இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறாள். என்னிடம் வந்து ஒரு டப்பாவை நீட்டி, 'நீங்க ஒருத்தர்தான் பாக்கி அங்கிள்' என்றாள். நான் கொடுக்கவில்லை. என்னுடையது தூசி இருமல். முப்பது வருட இருமல், எனக்குத் தெரியாதா. இந்தக் காற்றில் பேசினால் இப்படித்தான், கொஞ்சம் பொறுங்கள். ஒன்றுமில்லை. சரியாகிவிட்டது. டப்பா மேசை மேல்தான் இருக்கிறது. குண்டூசி போட்டு வைத்திருக்கிறேன், நல்ல மூடி.

கோரிக்கையா? எக்ஸ்ரே வண்டி வந்தது. அந்தப் பிள்ளைகள் எப்படியோ கெஞ்சிக் கொண்டுவந்தார்கள். தத்தெடுக்க வந்தவர்கள் தானமாகக் கொடுத்தார்கள். அதை வெற்றி என்று நான் அறிக்கை போட முடியுமா? வண்டியின் பின்பக்கத்தில் சுவரொட்டி ஒட்ட ஆள் இல்லை.

பசைக்கு மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. காலையில் கையை வீசிக்கொண்டு நடக்கிறான். அந்தப் பெண் வாரம் ஒருமுறை வந்து மாத்திரை அட்டையை எண்ணிப் பார்க்கிறாள். அவன் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம். இப்படித்தான் ஓர் இயக்கத்தை உடைப்பார்கள். தடியால் உடைக்க முடியாததை மாத்திரையால் உடைப்பார்கள்.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. சங்க விதி பதினான்கு, நான் எழுதியது. போராட்டக் காலத்தில் பெயரை வெளியிட்ட உறுப்பினர் நீக்கப்படுவார். நீக்கத்தைப் பொது இடத்தில், ஐந்து சாட்சிகள் முன்னால், முழுப் பெயரோடு உரக்க வாசிக்க வேண்டும். முப்பத்தாறு பேரையும் நீக்கினால் சங்கம் எங்கே? அதனால் முதலில் சாலையைத் தாண்டியவனை மட்டும். நீக்கல் அறிக்கையை நேற்றே எழுதிவிட்டேன். ஒரே ஓர் இடம் காலியாக இருக்கிறது.

பெயர். உறுப்பினர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில், இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், 'பசை' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் கைநாட்டு. அவ்வளவுதான். லயனில் யாரிடம் கேட்டாலும், அந்தப் பெண்ணிடம் கேளுங்கள் என்கிறார்கள். அவளிடம் போய் நான் கேட்பதா? கடைசியில் அவனுக்கே ஆள் சொல்லி அனுப்பினேன், உன்னை நீக்க வேண்டும், பெயரை எழுதி அனுப்பு என்று. விதிப்படி அது தவறில்லை.

அதோ வருகிறாள் பாருங்கள், பச்சைச் சேலை. குருவம்மாள், பசையின் பெண்டாட்டி.

வா, குருவம்மா. அவன் வரவில்லையா?

'அவரு மாத்திரை போட்டுட்டுப் படுத்திருக்காருங்க தலைவரே. எழுதத் தெரியாதுல்ல, அதான் இந்த ஆஸ்பத்திரி அட்டையக் குடுத்து விட்டாரு. டாக்டர் பாப்பா எழுதினது. பார்த்து எழுதிக்கிட்டு அட்டையத் திருப்பிக் குடுத்துருங்க, செவ்வாக்கிழமை வேணும்.'

கொடு. கண்ணாடி எங்கே வைத்தேன்.

'இருவத்திரண்டு வருசமா பக்கெட்டத் தூக்கிட்டு உங்க பொறத்தாலயே வந்தாரு. பேரு என்னன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா?'

இயக்கத்தில் பெயர் முக்கியமில்லை குருவம்மா. நீ போகலாம்.

'நான் எதுக்குப் போறேன்? அஞ்சு பேரு கேக்கணுமாமே. நானும் ஒரு ஆளா நின்னு கேக்கறேன். அவரு பேர நீங்க சொல்லி நான் கேட்டதே இல்ல.'

சரி, நிற்கட்டும். விதியில் பெண்டாட்டி கூடாது என்று எழுதவில்லை. டீக்கடைக்காரர் ஒன்று. அந்தப் பெஞ்சில் இருக்கிற இரண்டு பேரும் பழைய தோழர்கள், ஒருவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனால் சாட்சி சாட்சிதான். குருவம்மாளோடு நான்கு. நீங்கள் ஐந்து. பயப்படாதீர்கள், கையெழுத்து வேண்டாம், காது கொடுத்தால் போதும். வண்டி மலையடிவாரத்தில்தான் வருகிறது, ஹாரன் கேட்டதே. அதற்குள் முடித்துவிடுவேன்.

பெரிய எழுத்தாகத்தான் எழுதியிருக்கிறாள். டாக்டர் எழுத்துப் புரியாது என்பார்கள், இவள் எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. இன்னும் படிப்பு முடியவில்லை அல்லவா.

எல்லாரும் எழுந்து நில்லுங்கள். 'சங்க விதி பதினான்கின்படி, கீழ்க்கண்ட உறுப்பினர்...'

'சத்தமாப் படிங்க தலைவரே. பஸ்ஸு வருது, காதுல விழாது.'

படிக்கிறேன் அம்மா. மூச்சை இழுத்துக்கொள்கிறேன்.

கோவிந்தன் மகன் ராஜமாணிக்கம்.